ஹாலில் நிற்கும் அந்த இரண்டு பெட்டிகள்: பழைய ஸ்பீக்கரை அழகாக்கும் வேலை

எந்த வீட்டிலும் பாட்டு நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் நாள் முழுக்க ஹாலில் நிற்கிறது. ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மிச்ச நேரத்துக்கு நான் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் திருச்சி வீட்டில் இதற்கு வேலைப் பிரிவினை உண்டு. பழைய ஸ்பீக்கரைத் தேடி வாங்குவது, கோன் (ஒலி எழுப்பும் கூம்பு), காயில் (அதை அசைக்கும் கம்பிச்சுருள்), கிராஸ்ஓவர் (மேல்சுருதியையும் கீழ்ச்சுருதியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மரம், துணி, கால், நிற்கும் இடம் எல்லாம் என் பொறுப்பு. தச்சு வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணனிடம் பார்த்துப் பழகியது. ஆகவே இங்கே சொல்வது பெரிய தொழிற்சாலை முறை அல்ல. ஒரு பால்கனி, ஒரு இஸ்திரிப் பெட்டி, நாலு உப்புத்தாள் இருந்தால் செய்யக்கூடியது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஆனால் நான் மனதில் வைத்திருப்பது எண்பது, தொண்ணூறுகளில் வந்த, அலமாரியில் வைக்கும் அளவுள்ள மரப்பெட்டி ஸ்பீக்கர் ஜோடி. அப்பாவோ மாமாவோ ஆசையாக வாங்கியது, இப்போது பரணில் கிடப்பது. உயரம் 35 செ.மீ., அகலம் 20, ஆழம் 25 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கொஞ்சம் கண்ணைப் பழக்குங்கள்

கத்தியைக் கையில் எடுக்கும் முன்பு, பேர் பெற்ற நாலைந்து ஸ்பீக்கர்களைப் படத்திலாவது நிதானமாகப் பாருங்கள். எது அழகு என்று முடிவு கட்டாமல் வேலையில் இறங்கினால், கடைக்காரர் எடுத்துக் காட்டும் முதல் வினீரையே (பெட்டிமேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள்) வாங்கிக்கொண்டு வருவோம்.

நான் முதலில் காட்டுவது பிபிசியின் எல்.எஸ். 3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970களில் அவர்களே வடிவமைத்தது. சுமார் 30 செ.மீ. உயரம், 19 அகலம், 16 ஆழம், அவ்வளவுதான். வளைவு கிடையாது, பளபளப்பு கிடையாது. முன்பலகை ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி நிற்கும். சுற்றிலும் மரத்தின் மெல்லிய விளிம்பு, அதற்குள் இருண்ட துணி. ஒரு நல்ல புகைப்படச் சட்டத்தில் இருக்கும் அடக்கம் அதில் இருக்கிறது. துணியைக் கழற்றினால், மேல்சுருதி தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரைச் சுற்றிக் கனமான ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும். டுவீட்டரின் ஒலி விளிம்பில் பட்டுத் திரும்பிக் குழப்பாமல் இருக்கத்தான் அது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜேபிஎல் பாராகன். 1957இல் வந்தது, வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் ஆர்னால்ட் வுல்ஃப். இடது, வலது இரண்டையும் ஒரே மரச்சாமானாக, இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளத்தில் செய்து, நடுவில் ஒரு பெரிய வளைந்த மரப்பலகை வைத்தார்கள். அந்த வளைவு வெறும் அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டு பக்கத்து ஹார்னும் (ஒலியைக் குவித்து அனுப்பும் ஊதுகுழல் வாய்) அந்தப் பலகையில்தான் ஒலியை அடிக்கின்றன. அது அறை முழுக்கப் பரப்பிவிடுகிறது. நம் வீட்டு ஹாலில் அதை வைத்தால் நாம் வெளியே உட்கார வேண்டும் என்பது வேறு விஷயம்.

இத்தாலியில் ஃபிராங்கோ செர்ப்ளின் 1993இல் கொண்டுவந்த சோனஸ் ஃபேபர் குவார்னெரி ஒமாஜ் என்ற சின்ன ஸ்பீக்கர் லூட் என்ற ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் உடம்பைப் போல் பின்னால் குறுகும். முன்னால் துணிக்குப் பதில் வரிசையாக மெல்லிய மீள்கயிறுகள். ஜெர்மனியில் டீட்டர் ராம்ஸ் 1960 வாக்கில் பிரவுன் நிறுவனத்துக்குச் செய்த எல்.இ.1 ஒரு தட்டையான பலகை. அதன் அழகே அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் மெல்லிய உலோகக் கால்தான். அப்புறம் 1970இல் வந்த ஜேபிஎல் எல்.100. ஆரஞ்சு நிறத்தில், சதுரம் சதுரமாகச் செதுக்கிய ஃபோம் கிரில்லோடு (ஸ்பீக்கரின் முகத்தை மூடும் மறைப்பு) ஹாலுக்குள் வந்து நின்ற தைரியசாலி. அந்த ஃபோம் வயதாக ஆக உதிர்ந்து தூளாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிரில் பேச்சு பின்னால் வருகிறது.

இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று பிடிபடும். கண்ணுக்கு அழகாக இருக்கும் இடங்களில் பாதிக்கு மேல் காதுக்காகச் செய்யப்பட்டவை. எல்லாமே அப்படி இல்லை, ஆனால் நிறைய. கனசதுரப் பெட்டி எதுவும் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று பாருங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றாக இருந்தால் பெட்டிக்குள் மூன்று திசையிலும் அதே சுருதியில் ஒலி அதிரும், அந்தச் சுருதி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். உள்ளளவு 34 செ.மீ. என்றால் சுமார் 500 ஹெர்ட்ஸ். மூன்று அளவும் வேறு வேறாக இருந்தால் அந்த அதிர்வு பிரிந்துவிடுகிறது. அளவுகள் வேறுபட்ட பெட்டிதான் கண்ணுக்கும் லட்சணமாக இருக்கிறது.

அதேபோல, ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்க ஒலி விஞ்ஞானி 1951இல் வெவ்வேறு உருவப் பெட்டிகளில் ஒரே மாதிரி ஸ்பீக்கரை வைத்து அளந்து காட்டினார். உருண்டையில் ஒலி சீராக வந்தது, கூர்முனை கொண்ட கனசதுரத்தில் மேடு பள்ளமாக வந்தது. இதைப் படித்துவிட்டு உப்புத்தாளால் மூலையை லேசாக மழுக்கினால் ஒலி மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட 7 செ.மீ.; மூலையில் 3 மி.மீ. மழுக்கல் அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். அதனால் மழுக்குங்கள், காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

எந்தப் பெட்டிக்கு உழைக்கலாம்

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் தினமும் ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறோம். தரையில் நேராக வைத்த பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பெட்டி வருஷக்கணக்கில் அந்த ஈரத்தைக் குடித்து அடியில் ஊதிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பிஸ்கட் போல உதிர்ந்தால், அதுவும் நாலு விரல் உயரத்துக்கு உதிர்ந்தால், அந்தப் பெட்டியை விட்டுவிடலாம். அதே உள்ளளவில் புதுப்பெட்டி அடிப்பது அதைக் காப்பாற்றுவதைவிடச் சுலபம். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் என்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெல்லிய எபாக்ஸிப் பசையை ஊறவிட்டு, இறுகியதும் பட்டி வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம்.

அடுத்து, மேலே இருப்பது உண்மையான மர வினீரா, மரப்படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளா என்று பார்க்க வேண்டும். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து ரேகையைப் பாருங்கள். ஒரே முடிச்சு, ஒரே சுழி திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மரம் ஒரு முறை வரைந்ததை மறுபடி வரையாது. பின்பக்க மூலையில் தாள் லேசாக உரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இழுத்தால் ரப்பர் போல நீளும்.

உண்மை வினீர் என்றால் உங்களுக்கு யோகம். அதை உரிக்காதீர்கள். பழைய தேக்கு வினீரின் நிறத்தை இன்று கடையில் வாங்க முடியாது. டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிட்டு, 240 எண் உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே நாலு தேய் தேய்த்தால் போதும். மெஷின் சாண்டரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். வினீரின் கனமே அரை மில்லிமீட்டர்தான், மூலையில் ஒரு நொடி தாமதித்தால் அடியிலிருக்கும் போர்டு எட்டிப்பார்க்கும். இப்படிச் சுத்தமான பெட்டிக்கு அடுத்த வேலை பாலிஷ்தான், நேராக அங்கே போய்விடலாம்.

பிளாஸ்டிக் தாள் என்றால் தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடேற்றி, தாளை மேலே தூக்காமல் பெட்டியோடு ஒட்டினாற்போல மடக்கி மெதுவாக இழுங்கள். மிச்சப் பசையைத் தின்னரால் துடைத்து எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியாமல் இருக்கட்டும்.

உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது

இது வீட்டுக்காரர் பகுதி, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். எந்த நிற வயர் பிளஸ்ஸில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். ஒரு பெட்டியில் மாற்றிக் கொடுத்துவிட்டால் கீழ்ச்சுருதி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் இரண்டும் எதிரெதிராக இயங்கிக் கீழ்ச்சுருதியே காணாமல் போய்விடும்.

வூஃபருக்குப் பின்னால் இருப்பது பலமான காந்தம். திருகைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை அது இழுக்கும், கோனில் ஓட்டை விழும். அதனால் ஒரு கையால் கோனை அட்டை வைத்து மறைத்துக்கொண்டுதான் மறு கையால் திருக வேண்டும். உள்ளே பஞ்சு அல்லது கண்ணாடி இழை அடைத்திருக்கும். கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டிவையுங்கள், திரும்பப் போடும்போது எடுத்த அளவே போட வேண்டும். பின்னால் துளை இருந்தால் அது ஒலிக்காக அளந்து வைத்த துளை. அழகுக்காக அதை அடைப்பது, உள்ளே கூடுதலாகப் பலகை அடிப்பது எதுவும் கூடாது.

கோனுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். எடை கூடினால் ஒலி மாறிவிடும். வூஃபர் நடுவில் இருக்கும் மூடி குழந்தை விரல் பட்டுக் குழிந்திருந்தால், ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி வெளியே இழுத்துப் பார்க்கலாம். டுவீட்டரின் மெல்லிய குமிழில் மட்டும் இந்த வித்தை வேண்டாம்.

வினீர்: அழகின் பெரும்பங்கு இங்கேதான்

மர டிப்போவில் வினீர் கேட்டால் 8க்கு 4 அடியில், 4 மி.மீ. பிளைவுட்டில் ஏற்கெனவே ஒட்டிய ஷீட்டைத்தான் காட்டுவார்கள். கதவுக்கும் அலமாரிக்கும் அது சரி. நம் பெட்டிக்கு அது கனம். நாலு பக்கமும் 4 மி.மீ. ஏறினால் முன்பலகையின் அளவுப் பொருத்தமே கெட்டுவிடும். பிளைவுட்டில் ஒட்டாத வெறும் வினீரோ, பின்னால் காகிதம் ஒட்டிய வினீரோ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முதல்முறை செய்கிறவர்களுக்குக் காகிதம் ஒட்டியதுதான் நல்லது, வெட்டும்போது பிளக்காது.

எந்த மரம்? தேக்கு எப்போதும் கைவிடாது. வால்நட் வினீர் இறக்குமதி, விலை கூடும், ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதன் பழுப்பு அவ்வளவு நிதானமாக இருக்கும். ஈட்டி, அதாவது ரோஸ்வுட், சின்னப் பெட்டிக்கு ராஜகளை கொடுக்கும். ஆனால் அந்த மரக்குடும்பம் இன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நல்ல ரகம் கிடைப்பதும் அரிது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஊஞ்சல், சோபா, டிவி அலமாரி என்ன நிறமோ அதையே திரும்பக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து கொஞ்சம் மாறினால் அது தவறு போலத் தெரியும். ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் ஒரு நிழலாவது தெளிவாகக் கூடியோ குறைந்தோ இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். ஸ்பீக்கர் ஜோடிப் பொருள். இரண்டு பெட்டியின் ரேகையும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள் கிடைத்தால், ஒன்றைத் திருப்பிப் புத்தகம் விரித்தாற்போல வையுங்கள். இடது பெட்டியின் ரேகை வலது பெட்டியில் கண்ணாடியில் தெரிவது போல விழும். வாங்கும்போதே தாள்களில் எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் ஒரு முறை கலைந்துவிட்டால் அடுத்தடுத்த தாள் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரே நீளத் தாள்தான் கிடைத்தது என்றாலும் வழி இருக்கிறது. பக்கம் 35, மேல் 20, மறுபக்கம் 35, அடி 20 என்று கூட்டினால் ஒரு பெட்டியைச் சுற்ற 110 செ.மீ. ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் வெட்ட 2 செ.மீ. சேர்த்தால் 118. எட்டு அடித் தாள் 244 செ.மீ. வரும். அதாவது 27 செ.மீ. அகலத்தில் ஒரே பட்டை எடுத்தால் இரண்டு பெட்டிக்கும் போதும், கையளவு மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பாலிஷ் சோதனைக்கு அதுதான் வேண்டும். பட்டையில் வரிசையாகப் பென்சிலால் எண் எழுதி, அதே வரிசையில் வெட்டி ஒட்டினால் இடப்பக்கத்தில் ஏறிய ரேகை மேல்பலகையில் ஓடி வலப்பக்கத்தில் இறங்கும். கடையில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் பார்த்து மயங்குகிறோமே, அந்தத் தோற்றத்தில் பாதி இதுதான். இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை.

ஒட்டுவதற்கு மஞ்சள் ரப்பர் பசை, வெள்ளை மரப்பசை இரண்டுமே உண்டு. மஞ்சள் பசை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டுவது. பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், ஒரு நூல் நகர்த்த முடியாது. அதோடு மேலே தின்னர் கலந்த பாலிஷ் அடித்தால் சில நேரம் கொப்பளிக்கும். எனக்கு வெள்ளைப் பசையும் இஸ்திரிப் பெட்டியும்தான் ராசி.

செய்முறை இதுதான். பெட்டியை 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடையுங்கள். பெட்டிக்கும் வினீரின் பின்புறத்துக்கும் பசையைச் சீராகப் பூசுங்கள். ஈரம் பட்டதும் வெறும் வினீர் சுருளும். முகப்புப் பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் நேராகும். பசை வெள்ளை போய்க் கண்ணாடி போல ஆகும்வரை காத்திருந்து, இரண்டாவது முறையும் பூசிக் காயவிடுங்கள். “பசை காயிற வரைக்கும் கை சும்மா இருக்கணும் தங்கச்சி” என்று பட்டறை அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மையிலேயே கஷ்டமான கட்டம் அதுதான்.

காய்ந்த பிறகு வினீரை இடத்தில் வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, காட்டன் சூட்டில் இஸ்திரி போடுங்கள். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். சூட்டில் பசை இளகிப் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டி நகர்ந்ததும் பின்னாலேயே சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள், ஆறும்வரை. அடிப்பலகை முதலில், பக்கங்கள் அடுத்து, மேல்பலகை கடைசி. அப்போதுதான் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இணைப்புக் கோடு தெரியாது. ஒவ்வொன்றையும் ஒட்டி ஓரம் வெட்டிய பிறகே அடுத்தது.

ஓரத்தைப் புது பிளேடால், ஒரே மூச்சில் வெட்டாமல் மூன்று நாலு முறை லேசாகக் கீறி எடுங்கள். மிச்சப் பிசிறை உப்புத்தாளால் மேலிருந்து கீழே மட்டும் தேயுங்கள். கீழிருந்து மேலே இழுத்தால் வினீரைத் தூக்கிக்கொண்டு வரும். எல்லாம் முடிந்ததும் நகத்தால் இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் காற்று இருக்கிறது. ரேகையோடு சின்னதாகக் கீறி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒரு சொட்டுப் பசை ஏற்றி, மறுபடி இஸ்திரி.

முன்பலகைக்கு வினீர் வேண்டாம் என்பது என் கட்சி. மங்கலான கருப்பு அடித்துவிடுங்கள். கோன்களின் வட்டங்கள் அதில் அமைதியாக உட்காரும், சுற்றியிருக்கும் மரம் எடுப்பாகத் தெரியும்.

பாலிஷ்

நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் இதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரெஞ்ச் பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ், போடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

நான் போடுவது இந்த அரக்கு பாலிஷ்தான். அரக்குச் செதில் 100 கிராமுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட், இரவு முழுக்க ஊறவைத்து மறுநாள் துணியில் வடிகட்டினால் போதும். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டி, அதை நனைத்து நீளவாட்டில் இழுக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது. நாலைந்து பூச்சில் தேக்குக்கு ஒரு தேன் நிறம் வரும், வேறு எந்த பாலிஷும் அதைத் தராது. குறை, தண்ணீர் பட்டால் தடம் விழும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மங்கல் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட ஆள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

பளபளப்பு எவ்வளவு? முடிந்தவரை குறைவாக. ஹாலில் டியூப் லைட் எரியும்போது பளபளக்கும் பெட்டியில் மரம் தெரியாது, டியூப் லைட்தான் தெரியும். கண்ணாடி போன்ற கருப்பு பியானோ பாலிஷ் இருக்கிறதே, அது ஏசி அறைக்குள் அடைத்து வைத்து வாழ்கிறவர்களுக்கு. திருச்சித் தூசிக்கு அது ஒத்துவராது. கடைசிப் பூச்சு நன்றாக இறுகியதும் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் மெழுகு தொட்டு ரேகையோடு தேய்த்தால் பளபளப்பு அடங்கிப் பட்டு மாதிரி ஆகிவிடும். இந்த வேலையை வூஃபர் இருக்கும் அறையில் செய்யவே கூடாது. இரும்புத் தூளைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டால் எடுப்பது பாடு.

முகத்துத் துணி

பழைய கிரில் துணி பெரும்பாலும் கிழிந்தோ தொய்ந்தோ இருக்கும். துணியை மட்டும் மாற்றினாலே பாதி ஸ்பீக்கர்கள் புதிதாகிவிடும். மரவேலைக்கு நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்.

துணியைத் தேர்வு செய்ய ஒரே சோதனை: வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் போக வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே துளி துளியாக ஒளி தெரிய வேண்டும். கண்டாங்கிச் சேலைக் கட்டம் ஆசையாக இருக்கும், ஆனால் நெசவு நெருக்கம், மேல்சுருதியை அமுக்கிவிடும். கோட்டா சேலைத் துணி அதன் சின்னச் சின்னத் திறந்த கட்டங்களால் இதற்குப் பொருத்தம். பருத்தி மழைக்காலத்தில் தொய்யும் என்பதால் அதை இழுத்துக் கட்டுவதில் கவனம் வேண்டும். கவலையே வேண்டாம் என்றால் ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பாலியஸ்டர் வலைத்துணி.

சட்டத்தை முதலில் மங்கல் கருப்பாக்குங்கள், இல்லையென்றால் வெள்ளை மரம் துணி வழியே தெரிந்து மானத்தை வாங்கும். சட்டத்தின் உள்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிட்டால் ஒலி அதில் முட்டாது. ஸ்டேப்ளர் அடிக்கும்போது மூலையில் தொடங்காதீர்கள். நாலு பக்கத்துக்கும் நடுவில் ஒவ்வொன்று அடித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே மூலைக்குப் போங்கள். நெசவுக் கோடு சட்டத்தின் விளிம்புக்கு நேராக ஓடுகிறதா என்று நாலு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் அறைக்குள் நுழையும்போதே கண்ணை உறுத்தும்.

பிரம்புப் பின்னலும் இப்போது பலர் வைக்கிறார்கள். நாற்காலிக்குப் பின்னுகிற அதே பின்னல். தண்ணீரில் ஊறவைத்துச் சட்டத்தில் இழுத்து அடித்தால் காயும்போது தானே விறைக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தொய்வாக இருந்தால் கீழ்ச்சுருதிக்கு ‘ர்ர்ர்’ என்று அதிரும், டுவீட்டருக்கு நேராகப் பிரம்பு நிற்பதும் சரியல்ல. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு உடன்பாடு இருக்கிறது. வீட்டுக்காரர் உட்கார்ந்து கேட்கும்போது கழற்றிக்கொள்வார், எழுந்ததும் மாட்டிவிடுவார். காந்தம் வைத்து ஒட்டுகிற சட்டம் என்றால் இதில் சிரமமே இல்லை.

பழைய நிறுவனச் சின்னம் இருந்தால் பத்திரமாகத் திரும்ப ஒட்டுங்கள். அது அந்தப் பெட்டியின் ஊர் பேர்.

நிற்கும் இடம்

நல்ல பெட்டியைத் தரையில் வைத்தால் அழகு போச்சு, ஒலியும் போச்சு, தரை துடைக்கும் தண்ணீரும் மறுபடி ஏறும். டுவீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதற்கு 60 செ.மீ. ஸ்டாண்ட் ஏறக்குறையச் சரி. பாயில் உட்கார்ந்து கேட்கிற வீடு என்றால் இன்னும் ஒரு சாண் தாழ்த்துங்கள்.

ஸ்டாண்டின் மேல்தட்டு பெட்டியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சமமாகவோ ஒரு விரல் உள்ளடங்கியோ இருந்தால் பெட்டி மிதப்பது போல நிற்கும். எல்.இ.1இன் காலைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பழைய தேக்குத் துண்டுகள், கடைந்த கால்கள் கிடைக்கும். ஆனால் பூவேலை செய்த காலின் மேல் நேர்க்கோட்டுப் பெட்டி ஒட்டாது, அதனால் வேலைப்பாடு இல்லாத சதுரக் கட்டையாகத் தேடுங்கள். இரும்புக் குழாய் ஸ்டாண்ட் என்றால் உள்ளே காய்ந்த மணலை நிரப்பிவிட்டால் தட்டினால் கணீரென்று அதிராது.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் எது இருக்கிறதோ, அது டிவியாகட்டும் சாமி படமாகட்டும், அதன் மையத்திலிருந்து இரண்டும் சம தூரத்தில் நிற்க வேண்டும். ரசமட்டம் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள், பழைய வீட்டுத் தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. வயரைச் சுவரோரப் பட்டியில் ஓட்டி, ஸ்டாண்டின் பின்காலோடு இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

பெட்டியின் மேல் எதுவும் வைக்காதீர்கள். நவராத்திரியில் கொலுப்படியில் இடமில்லாமல் இரண்டு செட்டியார் பொம்மையை இங்கே உட்கார வைக்கத் தோன்றும்; பாட்டுப் போட்டால் அவர்கள் மெல்ல நடந்து விளிம்புக்கு வந்துவிடுவார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இட வேண்டும் என்றால் ஸ்டாண்டுக்கு இடுங்கள். அரக்கு பாலிஷில் ஈரச் சந்தனமும் குங்குமமும் விட்ட கறை போகாது.

தூசிக்குப் பெயிண்டரின் மெல்லிய பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம். ஜன்னல் பக்கம் நிற்கும் பெட்டி வெயில் பட்டு ஒரு நிறத்துக்கும், மற்றது வேறு நிறத்துக்கும் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடதையும் வலதையும் மாற்றி வையுங்கள். வயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பெட்டி மட்டும் மாறினால் போதும். டுவீட்டர் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் ஜோடி என்றால் மாற்றாதீர்கள், உள்பக்கம் இருக்க வேண்டிய டுவீட்டர் வெளிப்பக்கம் போய்விடும். அந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரை போடுவதுதான் வழி.